அறுபத்தொன்பது கிலோ

நாகராஜுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்தபோது அவன் மனைவி கலையரசியின் எடை தொண்ணூற்று மூன்றரை கிலோ. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. இந்த இரண்டையும் அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினோரு வருடமாக நின்றபடியே வேலை செய்கிறவளுக்கு, எடை என்பது சோப்புப் பெட்டிகளுக்கு உண்டான சமாச்சாரம்.

நாகராஜ் பிறந்தது வீராம்பட்டினத்தில், கடலுக்குப் போகிற குடும்பத்தில். கடல் ஒத்துக்கொள்ளாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். லாஸ்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்து, இருபது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். ரத்தக்கொதிப்பு இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவான், மறந்தால் விட்டுவிடுவான். கால் வீங்கியது, முகம் வீங்கியது. ஒரு நாள் காலையில் வேனில் ஏறி உட்கார்ந்தவனுக்கு மூச்சு முட்டி, சாவியைத் திருப்பக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாற்பத்தொன்பது வயது.

மாற்றுக் கிட்னி வைத்தால் பழையபடி வேலைக்குப் போகலாம் என்றார்கள். யார் தருவது? நாகராஜின் அம்மா அங்கம்மாள், "என்னுத எடுத்துக்கங்க சாமி" என்று டாக்டர் முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். எழுபத்தோரு வயது, ரத்தக்கொதிப்பு வேறு; வேண்டாம் என்றுவிட்டார்கள். தம்பி காசிலிங்கம் ஒரு நாள் வந்தான். அண்ணன் குடிக்கக் கூடாத இளநீரை நான்கு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். பிறகு அவன் போனை எடுக்கவில்லை. மகள் கவிநிலா, காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறவள், "நான் தரேன்பா" என்றபோது மட்டும் நாகராஜ் கத்தினான். "அந்தப் பேச்சையே எடுக்காத. எழுந்து போ."

மிச்சம் இருந்தது கலையரசி. ரத்த வகை சேர்ந்தது.

மாற்று அறுவைக்குப் பார்க்கப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை எடை மெஷினில் ஏற்றி இறக்கிவிட்டு, நாற்காலியைக் காட்டினார்.

"குரூப் சேருதும்மா. வயசும் பரவால்ல. ஆனா இந்த எடைல உங்கள ஆபரேஷனுக்கு எடுக்க முடியாது. சக்கரையும் வாசப்படில நிக்குது. அறுபத்தொன்பதுக்கு வாங்க. மத்த டெஸ்ட் எல்லாம் அதுக்கப்புறம்தான்."

"எவ்ளோ நாளு ஆவும் சார்?"

"பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது. ஒழுங்கா சாப்ட்டு, நடந்து குறைக்கணும். ஒரு வருஷம் வெச்சுக்கங்க."

நாகராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் எத்தனை பிள்ளைகளை ஏற்றலாம் என்று வேனின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பானே, அந்தப் பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கூப்பிட்டதே 'குண்டு' என்றுதான். அன்பாகவும் அப்படித்தான், கோபத்திலும் அப்படித்தான். அன்றிலிருந்து அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை.

கதிர்காமம் ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் சரிதா சின்ன வயசுப் பெண். ஒரு நாள் முழுக்க என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கலையரசி ஒளிக்காமல் சொன்னாள். காலையில் இரண்டு டீ, நான்கு இட்லி. பத்தரைக்குக் கம்பெனி கேன்டீனில் போண்டா. மதியம் சோறு. சாயங்காலம் பஜ்ஜி, டீ. ராத்திரி மீன் குழம்பும் சோறும்.

"அவ்ளோதானா? வீட்ல மீந்தத என்ன செய்வீங்க?"

"அத நாந்தான் வழிச்சிப் போட்டுக்குவேன். கொட்ட மனசு வராது."

"அத நீங்க சொல்லவே இல்லியே?"

கலையரசி யோசித்தாள். சட்டியில் ஒட்டிய சோறு, மகள் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, அடுப்படியில் நின்றுகொண்டே வாயில் போட்ட வறுவல் துண்டு. அதெல்லாம் சாப்பாடு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அது பாத்திரம் கழுவுவதில் ஒரு பகுதி.

சரிதா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சர்க்கரை இல்லாத டீ. இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி இல்லை. மதியம் ஒரு கப் சோறு, இரண்டு கப் காய், குழம்பு மீன் இரண்டு துண்டு, வறுத்த மீன் கூடாது. பசித்தால் சுண்டல், மோர். ராத்திரி எட்டு மணிக்குள் ஒரு சப்பாத்தி அல்லது கேழ்வரகு அடை. தினமும் ஒரு மணி நேரம் நடை. தண்ணீர் மூன்று லிட்டர்.

அந்தத் தண்ணீர்தான் முதல் கஷ்டம். நாகராஜுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதுவும் உள்ளே போகக் கூடாது. சாம்பாரும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில் சேர்த்திதான். நாக்கு ஒட்டிக்கொண்டு, ஐஸ் கட்டியைச் சப்பியபடி உட்கார்ந்திருப்பவன் எதிரில் அவள் எப்படிச் சொம்பைத் தூக்கிக் குடிப்பாள்? குடிக்கும்போது அவன் கண் அவள் தொண்டையில் இருக்கும். அதனால் அவள் பின்பக்கம் துணி துவைக்கும் குழாயடிக்குப் போய், ஏதோ திருடுகிறவள் மாதிரி, மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

சமையலும் இரண்டாகப் பிரிந்தது. அவனுக்கு உப்புக் குறைவு. காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி தாளிக்க வேண்டும். கீரை, தக்காளி, பழம் எதுவும் ஆகாது. அவளுக்கோ கீரையும் பழமும்தான் மருந்து. கவிநிலாவுக்கு இரண்டும் பிடிக்காது. விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் ஹெலிபேட் மைதானத்தில் நடந்துவிட்டு, ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து மூன்று பேருக்கு மூன்று விதமாகக் கட்டி வைத்துவிட்டு, ஏழரைக்குக் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் மைதானத்தில் பாதிச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொடை இரண்டும் உரசிப் புண்ணாகி, மறுநாள் மகளின் பழைய லெக்கிங்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரிட்டயர் ஆனவர்களும் போலீஸ் வேலைக்குத் தயாராகிற பிள்ளைகளும் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தாள். மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது. நான்காம் மாதம் கம்பெனி வேனை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்துக்கும் நடக்க ஆரம்பித்தாள்.

பசியைவிட அசதிதான் அவளை வாட்டியது. மதியம் மூன்று மணிக்குக் கண் இருட்டும். எலுமிச்சை வாசனை சோப்பு பேக்கிங்குக்கு வருகிற நாளில் வயிறு தனியாகக் கூப்பிடும். டப்பாவிலிருந்து சுண்டலை ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டே பெட்டிக்கு டேப் ஒட்டுவாள். செவ்வாய், வியாழன், சனியில் வேலை முடிந்து நேராகக் கதிர்காமம். நாகராஜைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினால், டயாலிசிஸ் முடிந்தவன் துவண்டு படுத்துவிடுவான். அவள் படுக்க முடியாது.

உடம்பு குறையக் குறைய ஊர் பேச ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் சர்க்கரையா என்றார்கள். மாமியார் வீட்டுப் பக்கம் வேறு ஏதோ பெரிய வியாதி என்று கிசுகிசுத்தார்கள். கம்பெனியில் வேறு மாதிரி. பக்கத்து மேசையில் நிற்கும் தாமரைச்செல்விதான் முதலில் கேட்டாள்.

"அக்கா, என்னா பவுடர் குடிக்கற? எனக்கும் சொல்லேன். பத்து வயசு கொறஞ்ச மாரி கீற."

"பவுடர்லாம் இல்லடி. வாயக் கட்டுறேன். நடக்கறேன்."

"மாமா குடுத்து வெச்சவரு!"

கலையரசி சிரித்துவைத்தாள். எதற்காகக் குறைக்கிறாள் என்பதை அவள் கம்பெனியில் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கு ஆள் உச்சுக் கொட்டுவார்கள். அதற்கு முகம் காட்ட அவளிடம் தெம்பு இல்லை. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் ஒட்டி, கைச்சதை தொங்கி, யாரோ ஒருத்தி நின்றாள். அழகு என்று அவளுக்குத் தோன்றவில்லை. தூங்கி எழுந்தால் தேவலை என்று தோன்றியது.

நாகராஜ் யாரிடமோ சொல்லி எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வரவைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு அவள் அதில் ஏறி நிற்க வேண்டும். குனிந்து பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதுவான். முதலில் அது அவளுக்குத் துணை மாதிரி இருந்தது. "முக்கா கிலோ கொறஞ்சிருக்கு" என்று அவன் சொல்லும்போது அவன் முகம் தெளியும். அதற்காகவே அந்த வாரம் போன கஷ்டம் தெரியாது. ஆனால் எழுபத்தெட்டில் எடை நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம். அதே தாள், அதே நடை, மெஷின் அசையவில்லை. இப்படி நிற்பது சகஜம், பொறுங்கள் என்றாள் சரிதா. நாகராஜால் பொறுக்க முடியவில்லை. அவள் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்தான். டப்பாவைத் திறந்து பார்த்தான். "இன்னைக்கு கேன்டீன் பக்கம் போனியா?" என்று தினமும் கேட்டான்.

ஏழாவது வாரம் கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு வைத்தார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, கேசரி. தாமரைச்செல்வி தட்டில் போட்டுக் கையில் திணித்தாள். கலையரசி வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லவில்லை. தட்டு காலியான பிறகுதான் சாப்பிட்டது தெரிந்தது. இன்னொரு கரண்டி கேசரியை அவளே போய் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறன்று மெஷின் எழுபத்தெட்டு அறுநூறு என்றது.

"ஏறியிருக்கு" என்றான் நாகராஜ். "என்னா துன்ன?"

"வளகாப்புல சாப்ட்டேன். ஒரு நாளு."

"ஒரு நாளா? எனக்கு ஒரு நாளுன்னா என்னான்னு தெரியுமா உனக்கு? நீ துன்னது கேசரி இல்ல கலை. என் உசுரு."

கலையரசி மெஷினிலிருந்து இறங்கினாள். கத்த வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள், குரல் எழும்பவில்லை. தணிந்துதான் வந்தது.

"இருவது வருசமா இந்த ஒடம்ப குண்டு குண்டுன்னு கூப்ட்ட. அப்பயும் இது உன்னுதுன்னு நெனச்சிதான் கூப்ட்ட. இப்பயும் உன்னுதுன்னு நெனச்சிதான் எடை போடற. நான் எங்க மாமா கீறேன் இதுல? காலைல நாலரைலேர்ந்து ராத்திரி வரிக்கும் உக்காரல நான். தண்ணி குடிக்கக்கூட ஒளிஞ்சி குடிக்கறேன், உனக்குத் தெரியுமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். நடக்கவில்லை, சுற்றுச்சுவர் ஓரம் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். இப்படியே வீராம்பட்டினம் பஸ் ஏறி, அங்கே இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் என்ன என்று யோசித்தாள். அங்கேயும் சமைக்கத்தான் வேண்டும். எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

மெஷின் தரையில் இல்லை. பரண்மேல் ஏற்றியிருந்தான். அந்த நிலைமையில் ஸ்டூலில் ஏறி அதைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது, விழுந்து தொலைத்திருந்தால் என்று. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் திரும்பாமலே சொன்னான்.

"இனிமே நான் கேக்கல. எவ்ளோ வருதோ வரட்டும். பயம் கலை. டயாலிசிஸ்ல பக்கத்து பெட்டுக்காரு ரெண்டு வாரமா வரல. யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அவள் அவன் காலருகே உட்கார்ந்தாள். "தண்ணி என் எதிர்லயே குடி" என்றான் அவன். "நான் அந்தாண்ட பாத்துக்கறேன்."

அதன்பிறகு அவள் கம்பெனிக்குப் போகும் வழியில் மருந்துக்கடை மெஷினில் மாதம் ஒருமுறை ஏறினாள். எழுபத்தாறு. எழுபத்து மூன்று. எழுபத்தொன்று. பதினான்காம் மாதம் அறுபத்தெட்டு எண்ணூறு. கடைக்காரரிடம் சீட்டு வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று நடந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

டாக்டர் பாராட்டினார். சர்க்கரை சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. பரிசோதனைகள் பத்து நாள் நடந்தன. ஊசி போட்டுப் படுக்கவைத்துக் கிட்னி ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். முடிவு சொல்ல இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

"உங்க இடப்பக்கத்துக் கிட்னி சுருங்கி இருக்கும்மா" என்றார் டாக்டர். "சின்ன வயசுல எப்பவோ கிருமி வந்து போயிருக்கும், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. கால்வாசி வேலைதான் செய்யுது. வலப்பக்கத்துதான் முழுசா தாங்குது. அத எடுத்தா நீங்க இவரு மாதிரி படுத்துடுவீங்க. சுருங்கினத வெச்சா இவருக்குப் பிரயோஜனம் இல்ல. உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது."

"இத மொதல்லயே பாத்திருக்கலாமே சார்?" என்றான் நாகராஜ்.

"இந்த டெஸ்ட்டெல்லாம் கொடுக்கறவங்க உடம்பு தயாரான பிறகுதான் எடுக்கறது வழக்கம். எனக்கும் வருத்தம்தான். இறந்தவங்ககிட்டேர்ந்து வர்ற பட்டியல்ல உங்க பேர எழுதிடறேன். வரிசை வரும்வரைக்கும் டயாலிசிஸ்."

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் கவிநிலா விஷயத்தைக் கேட்டுவிட்டு அழுதாள். கலையரசிக்கு அழுகை வரவில்லை. உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். நாகராஜ் கதவருகே வந்து நின்றான்.

"ஒரு வருசத்துக்கு மேல உன்ன பட்டினி போட்டுட்டேன்."

"பட்டினிலாம் இல்ல. சாப்ட்டுட்டுதான் இருந்தேன். தூங்கறேன் மாமா, போ."

மறுநாள் ஏழு மணிவரை தூங்கினாள். அதற்கு மறுநாளும். நடக்கப் போகவில்லை, கம்பெனி வேனில் போனாள். கேன்டீன் போண்டாவைச் சாப்பிட்டாள். ஒரு ராத்திரி மகள் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தாள். இவ்வளவு நாள் கனவில்கூட வந்த சாப்பாடு. ஒன்றரைக்கு மேல் இறங்கவில்லை. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. இரண்டு கிலோ ஏறியது.

பத்தாம் நாள் டயாலிசிஸ் வார்டு வாசலில் சரிதா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நடக்கறத நிறுத்திட்டீங்களாக்கா?"

"எதுக்கு இனிமே?"

"உங்களுக்குத்தான். ஒண்ணேகால் கிட்னிதான் வெச்சிருக்கீங்க. மறுபடி பழைய எடைக்குப் போனீங்கன்னா சக்கரை வந்துடும், பிரஷர் வந்துடும், இருக்கறதும் போயிடும். இந்த ஒரு வருசம் நீங்க குறைக்கலன்னா இன்னேரம் அதுவும் போயிருக்கலாம். இத விட முடியாதுக்கா. கடைசி வரைக்கும்."

கலையரசிக்குப் பயம் வரவில்லை. இதுவும் முடியாத வேலைதானா என்ற அலுப்புதான் வந்தது. கடைசி வரைக்கும் என்றால் இன்னும் முப்பது வருடமா? முப்பது வருடம் சுண்டலா? "சரி சரிதா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வார்டுக்குள் போய் நாகராஜின் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரிசையாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்தாள். குழாய்களில் ரத்தம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஓரத்துக் கட்டிலில் அவள் வயதுக்காரி ஒருத்தி படுத்திருந்தாள், குண்டாக, போர்வையை மார்வரை இழுத்துக்கொண்டு. யாரும் அவளுக்குத் துணைக்கு வந்திருக்கவில்லை.

மறுநாள் நாலரைக்கு எழுந்து இருட்டில் செருப்பைத் தேடினாள். நாகராஜ் விழித்திருந்தான்.

"எங்க?"

"நடக்க."

"அதான் வேணான்னுட்டாங்களே."

"உனக்கு வேணான்னாங்க. எனக்கு வேணுமாம்."

அவன் எழுந்து உட்கார்ந்து சட்டையை மாட்டினான். "பாண்லே பால் பூத் வரைக்கும் வரேன். அதுக்கு மேல முடியாது."

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பட்டியலில் நாகராஜின் முறை இன்னும் வரவில்லை. கலையரசியின் எடை அறுபத்தேழுக்கும் அறுபத்தொன்பதுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருக்கிறது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காயை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்துத் தண்ணீரை வடிப்பது அவன் வேலை. சில நாள் அவளுடைய சுண்டலையும் அவனே வேகவைத்துவிடுகிறான், குழைய விட்டுவிடுவான். விடியற்காலையில் பால் பூத் வரைக்கும் இருவரும் மெதுவாக நடக்கிறார்கள். அவன் அங்கே சிமென்ட் மேடையில் உட்கார்ந்துகொள்ள, அவள் மைதானத்துக்குப் போய் நான்கு சுற்று நடந்துவிட்டு வருகிறாள்.

"போலாமா?" என்று அவன் எழுந்திருக்கப் பார்ப்பான்.

"இரு" என்று அவள் பக்கத்தில் உட்காருவாள். "செத்த நேரம் உக்காந்துட்டுப் போலாம்."